கையெழுத்துப் போட்ட வாய்கள்

குளம் இருந்தது, குளத்துக்கு மடை இருந்தது, மடைக்கு ஒரு நாச்சி இருந்தாள், நாச்சிக்கு ஏழு தெருவிலும் ஏழு கதைகள் இருந்தன, ஏழு கதைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு புத்தகம் இருந்தது, அந்தப் புத்தகம் செம்மணற்குறிச்சிக் கிளை நூலகத்தில், சமையல் நூல்களுக்கும் சோதிட நூல்களுக்கும் நடுவே, முதுகு கிழிந்து, காடாத் துணியும் பசையும் கொண்டு ஒட்டப்பட்டு, இருபத்தெட்டு ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தது, அதை ஒட்டியவள் உலகம்மாள்.

உலகம்மாள் அந்நூலகத்தின் நூலகர். கூட்டுபவளும் அவளே, சன்னல்களைத் திறப்பவளும் அவளே, மழைக்காலத்தில் ஒழுகும் இடத்தில் வாளி வைப்பவளும் அவளே. அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. நாள்வாரியாக எழுத வேண்டிய வழங்கல் பதிவேட்டை அவள் நூல்வாரியாக எழுதி வந்தாள்: ஒரு புத்தகத்துக்கு ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் அதை எடுத்துச் சென்றவர்களின் பெயரும் தெருவும் தேதியும். எவரும் தொடாத புத்தகம் எவரும் தொடவில்லை என்பது பக்கத்தைத் திருப்பியதும் தெரிய வேண்டும், அதற்காக ஒருவராவது வருந்த வேண்டும் என்பது அவள் எண்ணம். மேலதிகாரிகள் இரண்டு முறை கண்டித்தார்கள், அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

மடைநாச்சி புத்தகத்தைத் தொகுத்தவர் அவ்வூர்த் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து மறைந்த ஒருவர். அவர் ஏழு தெருவிலும் நடந்து, ஒவ்வொரு தெருவும் நாச்சியின் கதையை எப்படிச் சொல்கிறதோ அப்படியே, இருமலும் மூச்சு வாங்கலும் முதற்கொண்டு எழுதி, ஒவ்வொன்றின் அடியிலும் சொன்னவரின் பெயரைப் போட்டு அச்சிட்டிருந்தார். குளம் உடையும் தறுவாயில் அடைத்துக்கொண்ட மடையைத் திறக்க ஒரு பெண் உள்ளே போனாள் என்பது வரையில் ஏழு கதைகளும் ஒன்றே. அதன் பிறகு பிரிந்துவிடும். மேலத்தெருவில் அவள் தானாகக் குதித்தாள். கீழத்தெருவில் அண்ணன்மார் தள்ளினார்கள். கோயில் தெருவில் குறுநிலத் தலைவன் பலி கேட்டான். மற்ற தெருக்களில் கன்றுக்குட்டியின் பின்னால் போனாள், காதலனின் பின்னால் போனாள், இந்த ஊர்க்காரியே அல்லள், வழிப்போக்கி. மடைத்தெருவில் சொல்லப்பட்ட ஐந்தாவது கதையில் மட்டும் அவள் சாகவேயில்லை. மடையின் மறுவாய் வழியாக வெளியே வந்தாள், கூந்தலைப் பிழிந்தாள், ஒருவரையும் சபிக்கவில்லை, கரையில் நின்று தனக்காக ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த ஊரைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள், பிறகு கிழக்கே நடந்து போய்விட்டாள். இதைச் சொன்னவர் பேச்சித்தாய் என்று அடியில் இருந்தது.

ஊரார் இந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. அதனால் அதன்மேல் அவர்களுக்குக் கோபமும் இருந்ததில்லை, ஒரு மனு வரும் வரையில்.

செம்மணற்குறிச்சியில் மனு எழுதினால் கையெழுத்தை வரிசையாகப் போடுவதில்லை. வரிசை என்றால் முதல் பெயர் என்று ஒன்று வந்துவிடும். வம்பு வந்தால் முதல் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே வாசகத்தைத் தாளின் நடுவில் தட்டச்சு செய்து, அதைச் சுற்றிச் சூரியக் கதிர் போல வட்டமாகக் கையெழுத்திடுவார்கள். எது முதல் எது கடைசி என்று எந்த நீதிபதியாலும் சொல்ல முடியாது. இம்முறை வந்த மனுத்தாள் விசிறிபோல ஏழாக மடிக்கப்பட்டு வந்தது. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு மடிப்பு மட்டும் விரித்துக் காட்டப்பட்டது. நடுவிலிருந்த வாசகம் எந்த மடிப்பிலும் முழுதாகத் தெரியவில்லை; தெரிய வேண்டும் என்று எவரும் கேட்கவுமில்லை. நாச்சியை இழிவுபடுத்தி ஒரு பக்கம் இருக்கிறதாம், அதை மூடச் சொல்கிறோம் என்றால், அந்தப் பக்கம் வேற்றுத்தெருக் கதையாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தெருவும் முடிவுசெய்துகொண்டு கையெழுத்திட்டது. மொத்தம் நாற்பத்து மூன்று கையெழுத்துகள்.

இவை பின்னால் தெரிந்தவை. உலகம்மாளுக்கு அப்போது தெரிந்ததெல்லாம் மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த உத்தரவு ஒன்றுதான்: விசாரணை முடியும் வரை மேற்படி நூலை வழங்கலிலிருந்து விலக்கிப் பூட்டி வைக்கவும். மனுவின் நகலும் இணைக்கப்பட்டிருந்தது. கையெழுத்துகள் இருந்த இடத்தை மட்டும் மறைத்து நகலெடுத்திருந்தார்கள். நடுவில் நான்கு வரி, சுற்றிலும் வெறுமை. வெறுமையின் குறுக்கே, ஏழாக மடித்ததன் நிழல் சாம்பல் நிறக் கோடுகளாக விழுந்திருந்ததை அவள் கவனித்தாள். வட்ட மனுவை எவரும் மடிப்பதில்லை. ஏன் மடித்தார்கள் என்று எண்ணியபடியே, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு, புத்தகத்தை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, உத்தரவு பெற்றுக்கொண்டதற்கான சீட்டில் கையெழுத்திட்டாள்.

மறுநாள் நான்கு மணிக்குப் பாத்திரக்கடைப் பிரமநாயகம் பேசினார். முதலில் பேசியவர் அவர்தாம் என்பது மேலத்தெருவாரின் கூற்று. ரேஷன் கடை எழுத்தர் கோமதிநாயகம் அவருக்கு ஒரு நிமிடம் முந்தினார் என்று கீழத்தெருவார் சாதிப்பார்கள். இரண்டு கடைகளின் கடிகாரங்களும் ஒத்துப்போகாதவை ஆதலால் இதைத் தீர்க்க வழியில்லை. பிரமநாயகம் ஒரு பெண்ணுக்கு இட்லிக் கொப்பரையைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தவர், தட்டிய கை அப்படியே நிற்க, வாய் திறந்து, தம்முடையதல்லாத ஒரு நடுங்கும் குரலில், கோயில் தெருக் கதையின் முதற்பக்கத்தை, தலைவன் பலி கேட்டதும் தாய் மறுத்ததும் உட்பட, ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார். பக்கம் முடிந்ததும் வாய் மூடியது. "அடி கனமா இருக்கும்மா, பத்து வருசத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அந்தப் பெண்ணும் கொப்பரையை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் இரண்டாம் பக்கம். அதற்கு மறுநாள் மூன்றாம் பக்கம். கதை முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து. ஒரு வாரத்துக்குள் ஊருக்கு முறை பிடிபட்டுவிட்டது: எவர் எந்தக் கதையை மூடச் சொல்லிக் கையெழுத்திட்டாரோ அவர் வாய் நான்கு மணிக்கு அந்தக் கதையைத் திறக்கும், ஒரு நாளைக்கு ஒரு பக்கம்.

ஊர் இதற்குத் தன்னைப் பழக்கிக்கொண்டது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பை நான்கு மணிக்கு வைப்பதை விட்டார்கள். சலூனில் மூன்றே முக்காலுக்கு மேல் எவருக்கும் கன்னத்தில் கத்தி வைப்பதில்லை. தேநீர்க் கடைகளில் நான்கடித்தால் பாட்டைக் கூட்டி வைத்தார்கள். வீடுகளில் குக்கர் விசில் நான்கு மணிக்கு வரும்படி அரிசி களைந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் உப்புநீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னார். கொப்பளித்தவர்கள் அதே கதையைத் தெளிவான குரலில் சொன்னார்கள். ஊரை விட்டு விலகினால் விட்டுவிடும் என்று மூன்றே முக்கால் பேருந்தில் ஏறியவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்துத் திடுக்கிட்டு, நான்கு மணிக்குப் பாலத்தைக் கடக்கையில் ஐந்து வெவ்வேறு கதைகளை ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டு போனார்கள். நடத்துநர் அதற்குள் சீட்டுக் கிழித்து முடித்தார்.

பழகாதது ஒன்றே ஒன்று: சந்தேகம். நான்கு மணிக்கு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினால் சாத்தியதே சாட்சியாயிற்று. ஆகையால் கையெழுத்திடாதவர்கள் அனைவரும் அந்நேரத்தில் தெருவுக்கு வந்து, மூடிய வாயை நான்கு பேர் பார்க்கும்படி காட்டிக்கொண்டு நின்றார்கள். நின்றவர்கள் நிற்காதவர்களை எண்ணினார்கள். சுவர்களில் காது வைத்தார்கள். இருபது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் புதிதாகப் பார்த்தார்கள்.

"நீங்களுமா போட்டிய?" என்று கோமதிநாயகத்தின் மனைவி கேட்டாள். அவள் மடைத்தெருவில் பிறந்தவள்.

"எல்லாரும் போட்டான், நானும் போட்டேன்."

"எங்க தெருக் கதையவா மூடச் சொன்னிய?"

"எது எதுன்னு பாத்தா போட்டேன்? அந்தப் பொம்பள சாகலன்னு சொல்லுதாம்லா ஒரு கதை. சாகலன்னா கோயில் எதுக்கு, கொடை எதுக்கு? அத மூடச் சொன்னேன்."

"நல்லா மூடினிய" என்றாள் அவள். நான்கு மணி ஆகிக்கொண்டிருந்தது.

நாற்பத்து மூன்று வாய்களில் ஏழு தெருக்களின் வாய்களும் இருந்தன. தன் தெருவார் மட்டுமே போட்டதாக நம்பியிருந்த ஒவ்வொரு தெருவும், தன் கதையையும் மூடச் சொல்லி அடுத்த தெருவில் ஆள் இருந்ததைக் கண்டுகொண்டது. குளத்தில் ஏழு துறைகளுக்கும் நடுவில் கயிறு கட்டினார்கள். ஒரு நிச்சயதார்த்தம் நின்றது.

நான்கு மணிக்கு வாய் திறவாத பெரிய மனிதர் ஊரில் ஒருவரே: அரிசி ஆலை அரிகரபுத்திரன். மடைநாச்சி கோயிலின் அறங்காவலர் அவர். கோபுரத் திருப்பணிச் சாரத்தின் கீழே, அனைவரும் காணும்படி, இறுக மூடிய உதடுகளோடு நாள்தோறும் நான்கு மணிக்கு நின்றார். களங்கமற்ற வாய் அது ஒன்றே என்பதால், இந்த விவகாரத்தை விசாரிக்க ஊர் அமைத்த குழுவுக்கு அவரையே தலைவராக்கினார்கள். பிரமநாயகமும் கோமதிநாயகமும் வேறு மூவரும் உறுப்பினர்கள்.

உலகம்மாளுக்கு அந்த மூடிய உதடுகள் பிடிபடவில்லை. கோயிலுக்கு வரலாற்று நூல் ஒன்று அச்சாகிறது, முன்பக்கத்தில் தம் தகப்பனாரின் படமும் உள்ளே மேலத்தெருக் கதை ஒன்றும் மட்டுமே இருக்கும் என்று சித்திரை மாதத்தில் நூலகத்துக்கு வந்து அவர் சொன்னது அவள் நினைவில் இருந்தது. மடைநாச்சி புத்தகத்தைக் கையில் வாங்கி, ஏழு கதைகளையும் விரல்விட்டு எண்ணி, திரும்பக் கொடுத்ததும் நினைவில் இருந்தது. மனுவை மடித்துக்கொண்டு ஏழு தெருவுக்கும் போனவர் கையெழுத்திட வேண்டியதில்லையே என்று அவள் எண்ணினாள். எண்ணியதை எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாரிடம் சொல்கிறோம் என்பது தெரியாத காலமாக இருந்தது. தன் மேலும் அவளுக்கு ஐயம் உண்டு. உத்தரவுச் சீட்டில் அவளும்தானே கையெழுத்திட்டாள்? மூன்று நாள் நான்கு மணிக்குக் கண்ணாடி முன் நின்று பார்த்தாள், வாய் திறக்கவில்லை. மூடச் சொல்லிக் கேட்டவர்களுக்கு மட்டுந்தான் இது, சொன்னதைச் செய்தவர்களுக்கு இல்லை போலும் என்று எண்ணிக்கொண்டாள். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்றும் எண்ணிக்கொண்டாள்.

அந்நாட்களில் ஒரு முற்பகல் சுடலைவடிவு வந்தாள். மடைத்தெருவில் பீடி சுற்றுபவள், நாற்பது வயது, தனியாள். பேச்சித்தாயின் மகள். மடைநாச்சி புத்தகத்தை எடுத்துச் சென்றவள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான்: பதினோரு ஆண்டுகளில் பத்தொன்பது முறை. எழுத்துக்கூட்டி, வரியின் அடியில் விரலை நகர்த்தி, தன் தாய் சொன்ன கதையின் நான்கு பக்கங்களைப் படிக்க அவளுக்கு இரண்டு வாரம் ஆகும். அதற்குமேல் அவள் படித்ததில்லை.

"எக்கா, பொஸ்தகம் வெளிய வராதாம்லா?"

"உத்தரவு வரணும்."

"வராட்டாலும் இப்பம் ஒண்ணுமில்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. "நாலு மணிக்கு ரேஷன் கடைப் பக்கம் போய் நிக்கேன். எங்காத்தா எந்த எடத்துல மூச்சு வாங்குவாளோ அந்த எடத்துல மூச்சு வாங்குதாரு அந்த மனுசன். 'கூந்தலப் பிழிஞ்சா'ன்னு சொல்லையில ஒரு இழுப்பு இழுப்பா, அதே இழுப்பு. ஒரு போட்டோகூட எடுத்து வைக்கலையேன்னு அழுதிருக்கேன். இப்பம் பதினோரு பேரு வாயில இருக்கா."

உலகம்மாள் வாசலை எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, நாலு மணிக்கு நீ அங்க போவாத. போனாலும் சிரிக்காத."

"ஏன், சிரிச்சா குத்தமா?"

"இந்த ஊர்ல இப்பம் குத்தம்."

அவள் அஞ்சியது வீண் அச்சமன்று. முந்தின ஆண்டு ஒரு கன்றுக்குட்டி செத்ததற்கு ஒரு குடும்பத்தின் வாய்வைப்பு, அவர்கள் அதைப் பார்த்துச் சொன்ன சொல், காரணம் என்று ஊர்க்கூட்டம் தீர்மானம் எழுதி, கூரையைப் பிரித்துப் போட்டது. அந்தக் குடும்பம் பானை சட்டியோடு பேருந்து ஏறியதை உலகம்மாள் நூலகச் சன்னலிலிருந்து பார்த்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து அரிகரபுத்திரன் நூலகத்துக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"லைப்ரரியம்மா, ஒரு சின்ன காரியம். அந்தப் பொஸ்தகத்த யார் யாரு எடுத்தான்னு நீங்க எழுதி வச்சிருப்பிய. அந்தப் பதிவேடு வேணும்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"கமிட்டி முடிவு. பொஸ்தகம் அதுபாட்டுக்குக் கெடந்தா இப்பிடிப் பேசாதும்மா. யாரோ வாசிச்சிருக்கான். வாசிச்சு வாசிச்சு அதுக்கு உயிர் குடுத்து நம்ம மேல ஏவிட்டான். ஆளு யாருன்னு தெரிஞ்சா ஊரு பாத்துக்கிடும்."

"படிச்சவங்கதான் காரணம்னு எப்பிடிச் சொல்லுதிய? பேசுதவங்க எல்லாம் கையெழுத்துப் போட்டவங்கதானே?"

அவர் சிரித்தார். "நீங்க பொம்பளையாள், ஒங்களுக்கு எதுக்கு இந்தப் பேச்சு? நாளைக்கு வாரேன். எடுத்து வைங்க."

நூல் எண் நானூற்றுப் பன்னிரண்டு. அந்தப் பக்கத்தைத் திருப்பினால் பத்தொன்பது வரிகளிலும் ஒரே பெயர், ஒரே தெரு. நாள்வாரியாக எழுதியிருந்தால் இருபத்தெட்டு ஆண்டுகளின் பல்லாயிரம் வரிகளில் அந்தப் பெயர் கரைந்து கிடந்திருக்கும். தேடுபவன் சலித்துப் போயிருப்பான். தான் பெருமையாக வளர்த்த பழக்கம் ஒரு பெண்ணை ஒரே பக்கத்தில் தனியாக நிறுத்தி வைத்திருப்பதை அன்று உலகம்மாள் கண்டாள். பக்கத்தைக் கிழிக்கக் கை போயிற்று, கிழிக்க முடியவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகளில் அவள் ஒரு தாளையும் கிழித்ததில்லை. பதிவேட்டை அப்படியே இரும்பு அலமாரியில், மடைநாச்சி புத்தகத்தின் மேல் வைத்துப் பூட்டினாள். 'வழங்கல் பதிவேடு முழுவதும் கரையான் அரித்து அழிந்துவிட்டபடியால் எவருக்கும் காட்ட இயலாது' என்று குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். எழுதி, வழக்கம்போல் கீழே கையெழுத்திட்டாள்.

மறுநாள் காலையில் அதைக் குழுத் தலைவருக்குக் கொடுத்தனுப்பினாள். அன்று நான்கு மணிக்குச் சன்னல் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தவளின் வாய் திறந்தது. "நூல் எண் ஒன்று. கோழி வளர்ப்பு" என்றது அவள் வாய், இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் அவளுக்கிருந்த குரலில். பிறகு அதை எடுத்தவர்களின் பெயர், தெரு, எடுத்த தேதி, திருப்பிய தேதி. உதட்டைக் கடித்தாள், கடித்த உதட்டின் வழியே பெயர்கள் வந்தன. நாளிதழ் வாசிக்க வந்திருந்த இருவர் தலை நிமிர்ந்தார்கள். பக்கம் முடிந்து அவள் வாய் மூடியதும் ஒருவர் மற்றவரைக் கேட்டார்: "கரையான் அரிச்ச பதிவேடா வே இது?" நாளிதழை மடித்து வைத்துவிட்டு இருவரும் அரிசி ஆலைப் பக்கம் நடந்தார்கள்.

அவர்கள் போன பின் உலகம்மாள் நாற்காலியில் அமர்ந்து கணக்குப் பார்த்தாள். நாளைக்கு ஒரு பக்கமானால் அந்தப் பெயருக்கு நானூற்றுப் பதினொரு நாட்கள் இருந்தன. பூட்டித் தான் காப்பாற்றியது ஒன்றுமில்லை. மற்றவர்கள் கதையை மூடியதும் தான் பெயரை மூடியதும் அலமாரிக்கு ஒன்றே. இந்த நினைப்பு அவளுக்குக் கசந்தது.

அடுத்த நாள் மூன்றே முக்காலுக்குக் குழு முழுவதும் வந்து நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தது. எல்லாரும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்தார்கள். நான்கு அடித்தது. "நூல் எண் இரண்டு. காதல் கடிதங்களுக்கான மாதிரிகள்" என்று உலகம்மாளின் வாய் தொடங்கிற்று. "பிரமநாயகம், மேலத்தெரு. திருப்பித் தரக் காலதாமதம் நாற்பத்தொரு நாள்."

"அது எங்க மச்சினனுக்கு எடுத்தது" என்று எழுந்த பிரமநாயகத்தின் வாய் அதற்குள் கோயில் தெருக் கதைக்குப் போய்விட்டது. கோமதிநாயகம் பேச்சித்தாயின் குரலில் மடைக்குள் இறங்கினார். மற்ற மூவர் வாயிலும் அண்ணன்மார் தள்ளினார்கள், கன்று ஓடியது, காதலன் விசிலடித்தான். ஆறு குரல்களுக்கு நடுவில் மூடிய வாயோடு கேட்டுக்கொண்டிருந்தவர் அரிகரபுத்திரன் மட்டுமே. எல்லாம் ஓய்ந்ததும் அவர் கையை நீட்டினார்.

"சாவி."

உலகம்மாள் கொடுக்கவில்லை. அவர் காத்திருந்தார். காத்திருப்பதில் அவருக்குச் சிரமமில்லை என்பது தெரிந்தது. நாளைக்கும் வருவார், நானூற்றுப் பத்து நாளும் வருவார். கடைசியில் அவளே எழுந்து அலமாரியைத் திறந்து பதிவேட்டை மேசைமேல் வைத்தாள்.

"நேரா அந்தப் பக்கத்துக்குப் போங்க அண்ணாச்சி" என்றார் பிரமநாயகம் அவசரமாக. "வேற எதையும் திருப்பாண்டாம்."

"ஆமா, நடுவுல நிக்காண்டாம்" என்றார் கோமதிநாயகம். தாம் எடுத்த புத்தகம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது ஐந்து பேருக்கும் திடீரென நினைவுக்கு வந்துவிட்டது.

அரிகரபுத்திரன் நானூற்றுப் பன்னிரண்டைத் திருப்பினார். ஒரு விரலால் மேலிருந்து கீழே வந்தார். பத்தொன்பதாவது வரியில் விரல் நின்றது.

"சுடலைவடிவு" என்றார். "நான் நெனச்சதுதான்."

"அவ அம்மாவோட கதை அது. அதுக்காக எடுத்தா. வேற ஒண்ணுமில்ல" என்றாள் உலகம்மாள். தன் குரல் மன்றாடுவதைக் கேட்டு அவளுக்கே கூச்சமாக இருந்தது.

அரிகரபுத்திரன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். முன்கூட்டியே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது; பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. இந்த நபரின் பெயரும் அப்பெயருள்ள பக்கமும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட வேண்டும். இந்த நபர் ஊரைவிட்டு நீங்க வேண்டும். விட்ட இடத்தில் பெயரை நிரப்பினார். சுற்றிலும் வட்டத்துக்கு இடமிருந்தது. தாளையும் பேனாவையும் பிரமநாயகத்திடம் தள்ளினார்.

பிரமநாயகம் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டார். "எனக்குக் கை நடுங்குது அண்ணாச்சி."

தாள் கோமதிநாயகத்திடம் போயிற்று. "நான் கண்ணாடி கொண்டு வரல."

"கையெழுத்துப் போட எதுக்கு வே கண்ணாடி? அன்னைக்கு மட்டும் பாத்தா போட்டீரு?"

கேட்டுவிட்டு அரிகரபுத்திரன் நிறுத்திக்கொண்டார், ஆனால் கேட்டாகிவிட்டது. ஐந்து தலைகளும் அவர் பக்கம் திரும்பின. பார்க்காமல் போட்டது போட்டவருக்குத் தெரியும். தாளை நீட்டியவருக்குத் தெரியும். மூன்றாமவருக்கு எப்படித் தெரியும்?

"அப்பம் எங்க தெருவுக்கு மடிப்பப் புடிச்சுக்கிட்டு வந்த ஒங்க ஆலைக் கணக்கப்பிள்ள..." என்று தொடங்கிய பிரமநாயகம் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவுமில்லை. ஐந்து பேரும் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். தாள் மேசையைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் நின்றது.

அந்த நேரத்தில் அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்பதற்கு ஊரில் இரண்டு விளக்கங்கள் உண்டு. தம் வாய்க்கு நாச்சியின் காவல் இருப்பதாக அவர் மெய்யாகவே நம்பத் தொடங்கியிருந்தார் என்பர் மேலத்தெருவார்; ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் பின்வாங்கினால் ஐந்து தெருவுக்குச் செய்தி போய்விடும் என்று அஞ்சினார் என்பர் மற்றவர்கள். உலகம்மாள் கண்டது இவ்வளவே: அவர் பேனாவின் மூடியைக் கழற்றி, மூச்சை ஒருமுறை ஆழ இழுத்து, அந்த வெற்று வட்டத்தில் தம் பெயரை எழுதினார். "பயந்தாங்கொள்ளிய" என்றார். போய்விட்டார்.

உலகம்மாள் அன்று மடைத்தெருவுக்குப் போனாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். தன் பதிவேட்டால் வந்தது என்பதையும் சொன்னாள்.

சுடலைவடிவு பீடியிலை நறுக்குவதை நிறுத்தவில்லை. "பத்தொம்பது வாட்டியா எடுத்திருக்கேன்?" என்றாள்.

"ரெண்டு நாளைக்கு எங்க வீட்டுக்கு வா."

"வரல எக்கா. என் பேரு எழுதியிருந்தா எழுதியிருக்கட்டும். நான் எடுத்தேன்லா?"

மறுநாள் பதிவேடு நூலக மேசையில் திறந்தபடியே கிடந்தது; நான்கு மணிக்கு உலகம்மாளின் வாய் மூடியே இருந்தது. ஆனால் அவள் அப்போது நூலகத்தில் இல்லை. கோயில் முன்னால் கூட்டத்தோடு நின்றாள். ஊரில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். எதற்காக வந்தோம் என்பதை ஒருவரும் மற்றவருக்குச் சொல்லவில்லை. அரிகரபுத்திரன் சாரத்தின் கீழே தம் வழக்கமான இடத்தில், கைகளைப் பின்னால் கட்டி, உதடுகளை மூடி நின்றார். நான்கு அடித்தது.

உதடுகள் திறந்தன.

"சுடலைவடிவு" என்றார் அவர். உரத்த, தெளிந்த குரல். ஆலை இரைச்சலுக்கு மேலே ஆட்களைக் கூப்பிட்டுப் பழகிய குரல். "மடைத்தெரு."

மடைத்தெரு கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். முறத்தை மடியில் வைத்து வாசலில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தாள். பெரியவர் ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் கொடுக்காமல் இருப்பது அவ்வூரில் மரியாதையில்லை.

"என்ன அண்ணாச்சி?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

அவர் முகம் சிவந்தது. கையால் வாயைப் பொத்தினார். விரலிடுக்கில் அடுத்த வரி வந்தது. எடுத்த தேதி, திருப்பிய தேதி. பிறகு மீண்டும், "சுடலைவடிவு, மடைத்தெரு."

"என்ன அண்ணாச்சி?"

கூட்டத்தின் பின்வரிசையில் எவரோ சிரித்தார்கள். மூடச் சொன்ன கதைகளை மூலைக்கு மூலை சொல்லிக்கொண்டிருந்த வாய்களும் தங்கள் பக்கத்தை முடித்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பின. ஏழாவது முறை, எட்டாவது முறை. எட்டாவது முறையில் அவள் முறத்தை இறக்கி வைத்தாள். பன்னிரண்டாவது முறையில் புடவையில் ஒட்டியிருந்த புகையிலைத் தூளைத் தட்டிவிட்டு எழுந்தாள். அவள் நடந்து வருவதை உலகம்மாள் கண்டாள். இரண்டு பக்கமும் நின்றவர்களின் கைகளைப் பார்த்தாள், கல் இருக்கிறதா என்று பார்த்தாள். கைகள் வெறுமையாக இருந்தன. கூரையைப் பிரிப்பதென்றால் தீர்மானம் எழுத வேண்டும். தீர்மானம் என்றால் கையெழுத்து வேண்டும். கூட்டம் விலகி வழிவிட்டது.

பத்தொன்பதாவது முறை அவர் அவளைக் கூப்பிட்டபோது அவள் அவருக்கு இரண்டு முழம் தள்ளி நின்றிருந்தாள். அவர் கடைசித் தேதியையும் சொல்லி முடித்தார்.

"இவ்வளவு தரம் கூப்பிட்டிய, வந்துட்டேன்" என்றாள் சுடலைவடிவு. "சொல்லுங்க."

பக்கம் முடிந்திருந்தது. ஊர் முழுவதும் கேட்கக் காத்திருந்தது. அவர் வாய் இன்னும் திறந்தே இருந்தது. அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.